சிவப்பு ஐசிக்காரர்களின் பிள்ளைகள்

2024 அக்டோபர் 17ஆம் தேதி மலேசிய மக்களவையில் குடியுரிமைத் திருத்தம் நிறைவேறிய அன்று, எங்கள் பழைய பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துச் செய்திகள் வந்தபடியே இருந்தன. வெளிநாட்டுக்காரரை மணந்து வெளிநாட்டிலேயே பிள்ளை பெற்ற மலேசியப் பெண்கள், தங்கள் பிள்ளைக்குக் குடியுரிமை கேட்டு எத்தனையோ ஆண்டுகளாகப் போராடினார்கள். மலேசிய ஆணுக்கு வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால் சட்டப்படியே குடியுரிமை. மலேசியப் பெண்ணுக்குப் பிறந்தால் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். கடைசியில் நாடாளுமன்றமே அரசியலமைப்பைத் திருத்தி அவர்களுக்கு நியாயம் செய்தது. நானும் மனதார மகிழ்ந்தேன்.

ஆனால் அதே மசோதாவில் இன்னொரு பிரிவும் இருந்தது. குழுவில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மலேசியாவில் பிறக்கும் குழந்தையின் தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வசிப்பிடத் தகுதி உடையவராகவோ இருந்தால் போதும், அந்தக் குழந்தை பிறக்கும்போதே குடிமகன். 1962லிருந்து இருந்துவரும் விதி இது. இந்தத் திருத்தம் அதிலிருந்து நிரந்தர வசிப்பிடக்காரர்களை நீக்கிவிட்டது. நிரந்தர வசிப்பிடக்காரர் என்றால் நம் வழக்கில் சிவப்பு ஐசிக்காரர், அதாவது சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர். குடிமக்களுக்கு நீல ஐசி. தோட்டப்புறத்தில் வளர்ந்த எவரையும் கேட்டுப் பாருங்கள், சொந்தத்தில் ஒரு சிவப்பு ஐசிப் பாட்டியோ பெரியப்பாவோ இருப்பார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே ரப்பர் சீவி, இங்கேயே சாம்பலானவர்கள்.

நான் கீழ்ப் பேராக்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முதலாம் ஆண்டுப் பதிவுக்கு வரும் பெற்றோர் முதலில் உட்காருவது என் மேசைக்கு முன்னால்தான். பிறப்புப் பத்திரத்தை வாங்கியதும் என் கண் பெயருக்குப் போகாது, குடியுரிமை எழுதியிருக்கும் கட்டத்துக்குப் போகும். சில பத்திரங்களில் ‘புக்கான் வார்கநெகாரா’, குடிமகன் அல்ல, என்று இருக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குப் பல நேரம் அது தெரியவே தெரியாது. ஆஸ்பத்திரியில் பிறந்தது, பத்திரம் எடுத்தாச்சு, அப்புறம் என்ன என்று இருப்பார். 2003லிருந்து தொடக்கக்கல்வி கட்டாயம் என்றாலும் அந்தச் சட்டம் குடிமக்களின் பிள்ளைகளுக்குத்தான். இந்தப் பிள்ளையைச் சேர்க்கத் தனி விண்ணப்பம், தனி அனுமதி. பாடநூல் இரவல் திட்டத்திலும் அப்போது இடம் கிடைக்கவில்லை. ஆசிரியர்கள் தங்களுக்குள் பணம் போட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்த ஆண்டுகள் உண்டு.

பிள்ளைக்கு விஷயம் தெரியவருவது 12 வயதில். வகுப்பில் எல்லோரும் வரிசையாகப் போய் மைகார்டு என்ற அடையாள அட்டையை எடுத்து வருவார்கள். புகைப்படம் நன்றாக விழவில்லை என்று ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வார்கள். அந்த வாரம் ஒரு பிள்ளை மட்டும் பள்ளிக்கு வராது. வருகைப் பதிவேட்டில் நான் பார்த்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறேன். அங்கே வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னால்தான் இந்தத் திருத்தம் ஏன் என் மனதை அறுக்கிறது என்பது புரியும். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய எதையும் எழுதப்போவதில்லை.

பையன் 2008இல் அரசு மருத்துவமனையில் பிறந்தவன். அப்பா நீல ஐசி, லாரி ஓட்டுகிறார். அம்மாவிடம் எந்த ஐசியும் இல்லை. 1980களில் தோட்டத்து லயத்து வீட்டில், மருத்துவச்சி கையில் பிறந்தவர். பிறப்பைப் பதியவே இல்லை. இவர்கள் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். ஊர் கூடிச் சாப்பிட்டது. ஆனால் 1982 மார்ச் 1ஆம் தேதியிலிருந்து நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதியப்பட்டால்தான் சட்டப்படி திருமணம். அதற்கு முன்னால் வழக்கப்படி நடந்த கல்யாணங்களை 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் ஏற்றுக்கொண்டது, பின்னால் நடந்தவற்றை ஏற்கவில்லை. பதியலாம் என்று போனால் மணமகளின் ஐசியைக் கேட்பார்கள். அவரிடம்தான் இல்லையே.

சரி, அப்பா மலேசியர்தானே, பிள்ளை அவர் வழியாகக் குடிமகன் ஆகக்கூடாதா? இங்கேதான் அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையில் இருக்கும் 17ஆம் பிரிவு வருகிறது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் என்றால் தாய் மட்டுமே என்கிறது அது. அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், பிறப்புப் பத்திரத்தில் பெயர் இருக்கிறது, பிள்ளைக்குச் சோறு போடுகிறார். குடியுரிமை என்று வரும்போது மட்டும் அவர் அப்பா இல்லை. தாயைப் பார்க்கிறார்கள். தாயிடம் காகிதம் இல்லை. எனவே பிள்ளை குடிமகன் அல்ல.

மண்டபத்துக்கு வந்தபோது அம்மா ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். கிளினிக் அட்டை, தண்ணீர் பில், கோயில் கல்யாண ரசீது, ஒரு பழைய போட்டோ. “அக்கா, எல்லாம் கொண்டாந்துட்டேன், இதுல எதாச்சும் உதவுமா?” என்றார். உள்ளதிலேயே உதவக்கூடியது பையில் இல்லை, அவருக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அவருடைய அம்மா. 1950களில் அதே தோட்டத்தில் பிறந்த பாட்டி. கழுத்தில் தொங்கிய சின்னப் பர்சிலிருந்து சிவப்பு ஐசியை எடுத்துக் காட்டினார்.

அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பில் ஒரு தெம்பு வந்தது. பாட்டி நிரந்தர வசிப்பிடக்காரர். அவர் வயிற்றில் இந்த மண்ணில் பிறந்த மகள், சட்டப்படி பிறக்கும்போதே குடிமகள். காகிதம் இல்லாததால் அவர் குடிமகள் அல்லாமல் போய்விடவில்லை, நிரூபிக்க முடியாமல் இருந்தார், அவ்வளவுதான். மகள் குடிமகள் என்றால் பேரனும் குடிமகன். கல்யாணம் பதியவில்லை என்று அப்பாவை ஒதுக்கி வைத்தாலும், தாய் வழியில் அவன் குடிமகன்தான். ஆக மூன்று தலைமுறைக்கும் ஆதாரமாக இருந்தது அந்தச் சிவப்பு அட்டை.

நிரூபிப்பதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. மருத்துவச்சி இறந்துவிட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த டிரெசர் (மருத்துவ உதவியாளர்) எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. தோட்டமே இல்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள், அப்புறம் நிலத்தை விற்று வீடமைப்பு வந்துவிட்டது. மாரியம்மன் கோயில் மட்டும் இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவில் நிற்கிறது. பாட்டியின் பெயர் இருந்த செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவு) புத்தகங்கள் என்ன ஆயின என்று கேட்க ஆளில்லை. ஆனால் மகள் மூன்றாம் ஆண்டுவரை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்திருக்கிறார். பள்ளிகளை இணைத்தபோது சேர்க்கைப் பதிவேடுகளை வீசமாட்டார்கள் என்பது என் தொழில் அனுபவம். இணைந்த பள்ளியின் பொருளறையில், பழைய பதிவேட்டில், பாட்டியின் பெயரோடும் லயத்து எண்ணோடும் மகளின் பெயர் கிடைத்தது. தலைமையாசிரியர் கடிதம் கொடுத்தார். பாட்டியும் மகளும் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டார்கள். தோட்டத்தில் பக்கத்து லயத்தில் இருந்த இரண்டு பெரியவர்கள் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தார்கள். தாமதப் பதிவு கிடைத்தது. நாற்பது வயதை நெருங்கும்போது அந்தப் பெண்ணுக்கு நீல ஐசி வந்தது. பிறகு திருமணத்தையும் பதிந்தார்கள். பையனின் விண்ணப்பத்துக்கு இதை எழுதும் வரை பதில் இல்லை.

இப்போது இதே குடும்பத்தை இந்தத் திருத்தத்துக்குப் பிறகு வைத்துப் பாருங்கள். சிவப்பு ஐசி உள்ள ஒரு பெண், நீல ஐசி உள்ள ஒருவரைக் கோயிலில் மணந்து, பதியாமல், இங்கேயே பிள்ளை பெறுகிறார். இதுவரை அந்தப் பிள்ளை தாயின் சிவப்பு அட்டையால் குடிமகன். இனி, 17ஆம் பிரிவு அப்பாவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது, திருத்தம் அம்மாவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. பிள்ளைக்கு மிஞ்சுவது யார்? வேறெந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இங்கே பிறந்தவர் குடிமகன் என்று அதே அட்டவணையில் ஒரு பாதுகாப்பு உண்டு. அதையும் நீக்கத்தான் முதலில் திட்டமிட்டிருந்தார்கள். கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளுக்கான பாதுகாப்பிலும் கை வைக்கப் பார்த்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் 2024 மார்ச்சில் அந்த இரண்டையும் அரசு கைவிட்டது. எதிர்த்தவர்களுக்குக் கோடி புண்ணியம். ஆனால் அந்தப் பாதுகாப்பைக் கேட்டு வாங்க வேண்டுமென்றால், தனக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை என்று அந்தப் பிள்ளைதான் வழக்காடி நிரூபிக்க வேண்டியிருக்கும். லாரி ஓட்டுநரின் பிள்ளைக்கு வழக்கறிஞர் யார் வைப்பது?

இந்த மாற்றத்தை ஆதரிப்பவர்கள் சொல்லும் நியாயம் எனக்குப் புரிகிறது. நிரந்தர வசிப்பிடம் பெற்றவர் பெரும்பாலும் வேறொரு நாட்டின் குடிமகன், பிள்ளைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்கும், இரட்டைக் குடியுரிமையை நாம் ஏற்பதில்லை. கோலாலம்பூரில் வேலைக்கு வந்து பி.ஆர். வாங்கிய ஒரு வெளிநாட்டு நிபுணருக்கு இது சரியாக இருக்கலாம். ஆனால் ஒரே சிவப்பு அட்டைக்குள் இரண்டு விதமான மனிதர்களை நம் நாடு வைத்திருக்கிறது. ஒருவருக்குத் திரும்பிப் போக நாடு இருக்கிறது. மற்றவருக்கு இதைத் தவிர வேறு நாடு இல்லை. பாட்டியின் அட்டையைத் திருப்பிப் பார்த்தாலும் இந்தியா அவரை ஏற்காது. அவர் அங்கே பிறக்கவில்லை, அங்கே கால் வைத்ததும் இல்லை. சட்டம் எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டை எழுதியிருக்க முடியும். இங்கேயே பிறந்த சிவப்பு அட்டைக்காரர்களின் பிள்ளைகளுக்கு விலக்கு என்று ஒரே ஒரு வரி போதும்.

அவர்கள் ஏன் சிவப்பாக இருக்கிறார்கள் என்பதும் அவர்களுடைய குற்றமில்லை. 1957 ஆகஸ்ட் 31 முதல், 1962 அக்டோபருக்கு முன்வரை மலாயாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், குடிமகன். அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் விண்ணப்பித்துத்தான் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. தோட்டத்துக்குள் பாரம் வருவதும் வராததும் ஆபீசைப் பொறுத்தது. காலை ஐந்து மணிப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு) நிற்கிறவர், மலாய் மொழித் தேர்வுக்கும் சத்தியப் பிரமாணத்துக்கும் ஒருநாள் சம்பளத்தை விட்டுப் பட்டணம் போக வேண்டும். போகாமல் விட்டவர் நிறைய. அதன் விலை 1969க்குப் பிறகு தெரிந்தது. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய உரிமம் வேண்டும் என்றார்கள். பல்லாயிரம் பேர் கப்பலேறிவிட்டார்கள். என் தாத்தாவின் தம்பி குடும்பமும் நாகப்பட்டினம் போய் இறங்கியது. போகாமல் நின்றவர்கள் சிவப்பு அட்டையோடு அதே பால்மரத்தைச் சீவினார்கள். அவர்கள் செய்த தேர்வு இந்த நாடுதான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2011இல் மைடாஃப்தார் என்ற பதிவு இயக்கம் நடந்தது. எங்கள் ஊருக்கும் வந்தார்கள், நாற்காலி மேசை போட்டது நாங்கள்தான். 2018 ஜூனில் 60 வயதைத் தாண்டிய சிவப்பு ஐசி இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை தரப்படும் என்று அன்றைய பிரதமர் மகாதீர் அறிவித்தார். இன்னொரு பாட்டிக்கு அந்தச் சமயத்தில் பேரன் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாட்டின் ஐந்து கோட்பாடுகளையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தான். அவர் அதைச் சாமி கும்பிடும்போது சொல்லும் பாட்டைப் போல ராகம் போட்டு மனப்பாடம் செய்தார். ஆனால் இதெல்லாம் கருணையாக வந்தது. கருணை அமைச்சர் மாறினால் மாறும். குடியுரிமை பற்றிய அரசின் முடிவை எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்யவோ மறுஆய்வு கேட்கவோ முடியாது என்று அதே இரண்டாம் அட்டவணை சொல்கிறது. எனக்குத் தெரிந்த குடும்பங்களுக்கு வந்த மறுப்புக் கடிதங்களில் காரணம் என்று ஒரு வரிகூட இருந்ததில்லை. அதனால்தான் சட்டத்தின் வழியே தானாகக் கிடைக்கும் உரிமை இவ்வளவு முக்கியம். அதில் ஒரு கதவை மூடிவிட்டு விண்ணப்பம் போடு என்பது எனக்கு ஏற்புடையதல்ல.

நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. 2021 மே மாதம் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அப்பா மலேசியர், அம்மா பிலிப்பைன்ஸ் நாட்டவர், பிள்ளை பிலிப்பைன்ஸில் பிறந்த பிறகுதான் பெற்றோர் திருமணத்தைப் பதிந்தார்கள். நான்குக்கு மூன்று என்ற கணக்கில் பிள்ளை தோற்றான். அன்றைய தலைமை நீதிபதி தெங்கு மைமுன் துவான் மாட் பிள்ளையின் பக்கம் நின்ற மூவரில் ஒருவர். அதே ஆண்டு நவம்பரில், பிறந்ததும் கைவிடப்பட்டுத் தத்தெடுக்கப்பட்ட ஒரு பையனுக்கு அதே நீதிமன்றம் குடியுரிமை உண்டு என்றது. பெற்றோர் யாரென்றே தெரியாத பிள்ளைக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்பா யாரென்று ஊருக்கே தெரிந்த பிள்ளைக்கு, கல்யாணம் பதியும் முன் பிறந்தான் என்பதால் இடமில்லை. 17ஆம் பிரிவை எப்போது தொடப் போகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. 1995இல் மலேசியா குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்தில் இணைந்தபோது, பெயரும் நாட்டுரிமையும் பெறும் குழந்தையின் உரிமையைச் சொல்லும் ஏழாவது விதிக்கு விலக்குக் கேட்டுக்கொண்டது. அந்த விலக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

இது இந்தியர் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். விண்ணப்பம் கொடுக்கப் போகும் இடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறேன். தத்தெடுத்த பிள்ளையோடு ஒரு சீன அம்மா. காட்டுக் கிராமத்திலிருந்து விடிகாலையில் கிளம்பி வந்த ஓராங் அஸ்லி (பூர்வகுடி) குடும்பம். இந்தோனேசியப் பெண்ணை மணந்த ஒரு மலாய்க்காரர். எல்லோர் கையிலும் அதே பிளாஸ்டிக் பை. ஒருவர் மற்றவருடைய பாரத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறார்கள். இவர்களுக்காக நாடாளுமன்றத்தில் பேசும்போது தனித்தனி இனத்தின் குறையாகப் பிரித்துப் பேசுவதை எல்லாக் கட்சிகளும் நிறுத்தினால் நன்றாக இருக்கும்.

இப்போது வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், தயவுசெய்து தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். கோயிலில் தாலி கட்டும் முன் பதிவுத் திருமணத்தை முடித்துவிடுங்கள். நல்ல நாள் பார்ப்பதை விட இது முக்கியம், எந்த ஜோசியர் என்ன சொன்னாலும் சரி. பல கோயில்களிலேயே பதிவு செய்யும் அதிகாரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். இரு தரப்பில் யாருக்காவது ஐசி இல்லை என்றால் அதைக் கல்யாணத்துக்கு முன்பே பேசுங்கள், மறைக்காதீர்கள். மெர்டேக்காவுக்கு, அதாவது 1957 சுதந்திரத்துக்கு, முன் இங்கே பிறந்த சிவப்பு ஐசிப் பெரியவர்கள் அரசியலமைப்பின் 16ஆவது பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். அதற்கு எளிய மலாய் போதும். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே மரபணுச் சான்றும் சத்தியப் பிரமாணமும் எடுத்து வையுங்கள், ஏனென்றால் மகளுக்கும் பேரனுக்கும் அவர்தான் சாட்சி.

அப்புறம் வயது. பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு உள்துறை அமைச்சுக்குப் போகும் விண்ணப்பம் அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் வருகிறது. இதுவரை 21 வயதுக்குள் போடலாம். இந்தத் திருத்தம் அதை 18 ஆகக் குறைத்திருக்கிறது. பதில் வரவே ஆண்டுகள் ஆகும், ஒருமுறை மறுத்தால் மீண்டும் முதலிலிருந்து. பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் முடியட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். வீட்டில் ஐசி இல்லாத பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை இருந்தால் இந்த மாதமே போடுங்கள். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பெற்றோர் இருவரின் காகிதங்களில் எது இருக்கிறதோ அது, பள்ளிக் கடிதம், தடுப்பூசி அட்டை, எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். கடிதம் கொடுக்கப் பள்ளி தயங்கினால் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் பெயர் இருக்கும்.